அடைத்த தோட்டத்தில் அப்போலோனியா

அப்போலோனியா டீலனுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. போரில் கணவனைப் பறிகொடுத்த பிறகு, மோசெல் ஆற்றங்கரையில் இருந்த துண்டுத் திராட்சைத் தோட்டத்தை அவளே பார்த்துவந்தாள். முதுகில் கூடையோடு ஏறுவாள், இறங்குவாள். அக்டோபர் வந்தால் மட்டும் ஏற வழியில்லை. பழம் முதிரத் தொடங்கியதும் ஊர்மன்றம் தோட்டங்களை அடைத்துவிடும். அறுவடைக்கு மணி அடிக்கும்வரை சொந்தக்காரரும் உள்ளே கால் வைக்கக் கூடாது. பாட்டன் காலத்து மரபு என்று பெருமை வேறு.

மன்றத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் மேல்சரிவில் வெயில் படும் தோட்டங்கள். அங்கே பூஞ்சை பிடித்தால் பழம் சுருங்கித் தேனாகும். அந்த ஒயினுக்குத் தனி மவுசு. அதனால் காத்திருந்தார்கள். கீழே ஈரத்தில் கிடந்த ஏழைகளின் பழமோ அதே பூஞ்சையில் அழுகிப் புளித்தது. ஒருவன் காத்திருக்க இன்னொருவன் அழிய வேண்டும். இதற்குப் பெயர் மரபு!

அந்த வருஷம் விடாத மழை. அப்போலோனியா வேலிவரை போவாள், முகர்ந்து பார்ப்பாள், திரும்புவாள். இந்த அறுவடை போனால் தோட்டமே கைவிட்டுப் போகும். மன்றத் தலைவர் ஹாஸென்பாக்கிடம் போய்க் கேட்டாள்.

"கொஞ்சம் பொறும்மா. நம்ம ஊர் ஒயினோட பேரு என்னாகறது?"

"பேரைப் புழிஞ்சா ஒரு சொட்டு வருமாய்யா?"

மறுநாள் காலை, ஊர் பார்க்க வேலியைத் தாண்டினாள். காவல்காரன் செவரின் ஓடிவந்தான். அவள் கணவனின் தம்பி.

"அண்ணி! வெளிய வாங்க. நான் சத்தியம் பண்ணிக் காவலுக்கு வந்தவன்."

"பூஞ்சை சத்தியம் பண்ணிச்சா? உன் தோட்டமும் பக்கத்துலதானே இருக்கு, போய் மோந்து பாரு."

"கொம்பு ஊதிருவேன்."

"ஊது. நல்லா மூச்சுப் பிடிச்சு ஊது."

ஊதினான். கொம்பு கேட்டால் திருடனைப் பிடிக்க ஊரே திரள வேண்டும், அதுவும் மரபுதான். தடியோடு வந்தார்கள். அவள் நிமிரவில்லை. அழுகலைக் கிள்ளி எறிந்து நல்லதைக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். கை முழுக்கச் சாம்பல் நிறப் பூஞ்சை படிந்திருந்தது. வந்தவர்கள் தங்கள் கொடிகளைப் பார்த்தார்கள். பீப்பாய் செய்யும் யோஸ்ட் தடியைக் கீழே போட்டான்.

"கத்தரி யார்கிட்டயாவது இருக்காப்பா?"

ஹாஸென்பாக் கத்தினார், "அபராதம் போடுவேன்!"

"எத்தனை பேருக்கு?" என்றபடி அவள் அடுத்த கொடிக்கு நகர்ந்தாள். அதற்குள் செவரினும் வேலி ஏறியிருந்தான்.

பாதிப் பழம் தேறியது, தோட்டம் தப்பியது. அபராதம் அவள் ஒருத்திக்குத்தான் வந்தது. கட்ட மறுத்து மன்றத்துப் படியேறினாள்.

"அடுத்த வருஷம் மணி எப்போன்னு முடிவு பண்ண எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க. அதுவரைக்கும் நின்னுட்டே இருப்பேன்."