அப்பா எடுக்காத அழைப்பு

கலும்பாங் ஊரில் தனியாக இருக்கும் என் அப்பாவிடம் பட்டன் போன்தான் இருந்தது. ராவாங் நகரில் வேலை செய்யும் எனக்கு அவர் முகத்தைத் தினமும் பார்க்க ஆசை. "இதுவே போதும்லா, பாப்பா" என்றார். நான் அதைக் கேட்காமல் அவருக்குப் புது ஸ்மார்ட்போன் வாங்கினேன்.

கடையில் அவர் கைரேகை பதியவே இல்லை. காலமெல்லாம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி விரல் நுனிகள் காய்த்துப் போயிருந்தன. நான் சிரித்துவிட்டேன். வீட்டில் நான் அழைக்கும்போதெல்லாம் பக்கத்து வீட்டு அக்காதான் திரையைத் தொட்டுப் போனை எடுத்துக் கொடுத்திருக்கிறார். அது அப்போது எனக்குத் தெரியாது.

அந்த வாரமே ஒரு காலை அவர் போனை எடுக்கவில்லை. பதறிப்போய்க் காரில் கிளம்பினேன். வழியெல்லாம் அழைத்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சமையலறையில் வழுக்கி விழுந்து, எழ முடியாமல் கிடந்தார். போன் கையில்தான் இருந்தது.

"உன் படம் வருது, பாப்பா. தேய்க்கிறேன், தேய்க்கிறேன், எடுக்கவே மாட்டேங்குது" என்றார். அந்த விரல்களைத் திரை உணரவே இல்லை.

இடுப்பெலும்பு முறிவோடு தப்பினார். பட்டன் போன் மறுபடியும் அவர் சட்டைப் பையில் இருக்கிறது. இப்போது எதை வாங்குவதானாலும் முதலில் அவர் கையில் கொடுத்துப் பார்க்கிறேன். ஆனாலும் ஒவ்வொரு முறையும், அவர் "ஹலோ" சொல்லும்வரை எனக்குப் பாதி உயிர் போய்விடுகிறது.