வெந்துபோன வால்வு

என் மேசையில் காகிதங்கள் பறக்காமலிருக்க ஒரு வால்வை வைத்திருக்கிறேன். சிறிய விமானத்தின் எஞ்சினிலிருந்து கழற்றியது. அதன் வட்டத் தலையில் ஒரு ஓரம் மட்டும் எரிந்து, எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும்.

பெங்களூரின் வடக்கு ஓரத்தில் ஒரு விமானப் பயிற்சிக் கழகத்தில் படித்தேன். விமானி முன்னால் மிக்ஸ்ச்சர் என்று ஒரு சிவப்புக் குமிழ் உண்டு. வெளியே இழுத்தால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் குறையும். மேலே போய்ச் சமமாகப் பறக்கையில் அளவாக இழுப்பதுதான் முறை. முழு விசையில் ஏறும்போது இழுத்தால் எஞ்சின் சூடேறிக் கெடும். எங்கள் தலைமைப் பயிற்சியாளரோ ஏறும்போதே இழுக்கச் சொல்வார். இறங்கியதும் டாங்கில் அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பார். அதிகம் மிச்சம் வைத்தவருக்கு எல்லார் முன்னும் பாராட்டு. மற்றவர்கள் வெயிலில் விமானம் கழுவ வேண்டும். நான் ஒரு நாளும் கழுவியதில்லை.

ஜீவனஹள்ளியிலிருந்து வரும் மெக்கானிக் அண்ணனுக்கு என்மேல் பிரியம். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு, "ஏறுறப்போ அதை இழுக்காதேம்மா, வால்வு வெந்துடும்" என்றார். நான் நேராகப் போய்ப் பயிற்சியாளரிடம் போட்டுக்கொடுத்தேன். மறுநாள் பயிற்சியாளர் அண்ணனை எங்கள் முன்னால் நிறுத்தி, "நீ எத்தனை ஹவர் ஃப்ளை பண்ணியிருக்கே? ஹேளப்பா, சொல்லு!" என்றார். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன்.

அடுத்த மாதம் நான் தனியாக ஏறிக்கொண்டிருந்தபோது எஞ்சின் உதறியது. எப்படியோ திரும்பி இறங்கிவிட்டேன். விசாரணையில் முக்கியமான கேள்வி ஒன்றுதான்: குமிழ் எங்கே இருந்தது? உண்மையைச் சொன்னால் எனக்கு உரிமம் கிடைக்காது. மறைத்தால் பராமரிப்பில் குறை என்று அண்ணனின் வேலை போகும். இது எனக்கு நன்றாகவே தெரியும். முழுதும் உள்ளேதான் இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கை நடுங்கியது என்று சொல்ல ஆசைதான். நடுங்கவில்லை.

கருவிப் பெட்டியை எடுத்துப்போக வந்த அன்று அண்ணன் இந்த வால்வை என் கையில் வைத்தார். "நீங்களே வெச்சுக்குங்க, மேடம்" என்றார். அதுவரை அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதேயில்லை.

இப்போது நானும் பயிற்சியாளர். நேற்று ஒரு மாணவி வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது எப்படி மேடம் இப்படி ஆச்சு?" என்று கேட்டாள்.

"ஒரு மெக்கானிக்கோட அலட்சியம்" என்றேன். அவள் கையிலிருந்து வாங்கி, காகிதங்களின் மேல் திரும்ப வைத்தேன்.