பத்துக் குச்சி ஒரு கட்டு

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து பத்துக்கு எழுந்தேன். ஒரு செம்பு வெந்நீர். பூ மார்க்கெட் வரை நடந்து வீடு திரும்ப முப்பத்தெட்டு நிமிடம். ஆடிக் காற்று எதிரே அடித்ததால் வழக்கத்தைவிட நான்கு நிமிடம் கூடுதல். மூன்று இட்லி, எள்ளுப்பொடி. எல்லாம் என்றும் போலத்தான். சட்டையை மட்டும் இரண்டு முறை மாற்றினேன்.

"நாலாங்கிளாஸ் பிள்ளையளப் பாக்கவா இந்தப் பவுசு?" என்றாள் மனைவி.

பிள்ளைகளைப் பார்க்க அல்ல. ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு அன்று நான் ஒரு வகுப்பு எடுக்கவிருந்தேன்.

என் வேலை ஆசிரியர் பயிற்றுநர். சங்கரன்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளிகளுக்குப் போவேன், வகுப்பின் கடைசியில் உட்காருவேன், ஆசிரியர் நடத்துவதைக் கவனித்து ஒரு தாளில் குறிப்பேன். பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து, பிள்ளைகள் இன்னும் நன்றாகக் கற்க என்ன செய்யலாம் என்று பேசுவேன். ஊரில் சிலர் என்னை ஆபீசர் என்பார்கள். ஆபீசருக்கு உரியது என்று என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான்.

அந்தத் தாளால்தான் வம்பு வந்தது. முந்தைய வியாழக்கிழமை, கரிவலம்வந்தநல்லூர்ச் சாலையில் உள்ள ஒரு சின்னப் பள்ளியில் நான்காம் வகுப்பைக் கவனித்தேன். கழித்தல் கணக்கு. ஐம்பத்திரண்டில் முப்பத்தெட்டைக் கழிக்கச் சொன்னால், பதினெட்டுப் பிள்ளைகளில் பன்னிரண்டு பேர் இருபத்தாறு என்று எழுதினார்கள். இரண்டிலிருந்து எட்டு போகாது என்றதும் எட்டிலிருந்து இரண்டைக் கழித்துவிடுவார்கள். நான் டீச்சரிடம் மென்மையாகத்தான் சொன்னேன்: "நாற்பது நிமிடத்தில் நீங்கள் இருபத்தொன்பது நிமிடம் பேசியிருக்கிறீர்கள் டீச்சர்."

அவர் பதினேழு ஆண்டு அனுபவம் உள்ளவர். சாக்பீஸைத் தட்டில் வைத்துவிட்டுக் கேட்டார்: "நீங்க கடைசியா எப்ப சார் வகுப்பு எடுத்திய?"

நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

"அப்பச் செவ்வாக்கெழம வந்து இதே கணக்க நீங்க எடுங்க. பின்னால உக்காந்து நான் எழுதுதேன். பிள்ளையளுக்குப் புரிஞ்சா நீங்க சொல்லுத வழிக்கு நான் வாரேன். புரியலன்னா இனி என் வகுப்புப் பக்கம் வராதீங்க. ஹெச்.எம். ரூம்ல டீயக் குடிச்சிட்டுப் போயிருங்க."

அவர் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். அந்தப் பன்னிரண்டு பேரும் இருபத்தாறு எழுதிக்கொண்டே ஐந்தாம் வகுப்புக்குப் போய்விடுவார்கள்.

அதனால் ஏற்பாட்டில் குறையே வைக்கவில்லை. இரண்டு பேருக்கு ஐந்து கட்டும் இரண்டு உதிரியுமாக, ஒன்பது ஜோடிகளுக்கு நானூற்று அறுபத்தெட்டு ஐஸ் குச்சிகள். கட்டுக்குப் பத்து. எல்லாக் கட்டுக்கும் ஒரே சிவப்பு ரப்பர் பேண்ட்.

காலை பத்து பத்துக்கு வகுப்பு தொடங்கியது. டீச்சர் என் தாளோடும் என் பேனாவோடும் கடைசியில் உட்கார்ந்தார்.

கட்டுகளைக் கொடுத்தேன். "யாரும் ரப்பர் பேண்டைக் கழற்றக் கூடாது. குச்சி சிதறிவிடும். மனசுக்குள்ளேயே பிரித்துக்கொள்ளுங்கள்," என்றேன். ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதுதான் என் எண்ணம். பிறகு, பத்துகள், ஒன்றுகள், இடமதிப்பு என்று விளக்கினேன். எனக்கே நன்றாக இருந்தது.

"எட்டுக் குச்சி எடுக்கணும். கையில ரெண்டுதான் இருக்கு. சரி, ஒரு கட்டைப் பிரிக்கிறோம். எத்தனை குச்சி கிடைக்கும்?"

"இருபத்தஞ்சு!" என்று வகுப்பே கத்தியது.

மறுபடி கேட்டேன். இன்னும் சத்தமாக, "இருபத்தஞ்சு!"

ஊரில் பாதி வீடுகளில் அம்மாக்கள் பீடி சுற்றுகிறார்கள். பீடிக்கட்டில் இருபத்தைந்து இருக்கும். இந்தப் பிள்ளைகள் பிறந்ததிலிருந்து வேறு கட்டைப் பார்த்ததில்லை. எனக்கு இது தெரியாதா? தெரியும். குச்சிகளை எண்ணிக் கட்டிய நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

"இந்தக் கட்டுல பத்துதான்மா," என்றேன்.

முன்வரிசையில் இரட்டைச் சடை போட்ட பிள்ளை கட்டை உருட்டிப் பார்த்தாள். "அப்ப இது கொறக்கட்டு சார். பீடிக் கடையில எடுக்க மாட்டாவ."

"ஏட்டி, சாருக்குக் கட்டத் தெரியல போல," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

"இது பீடி இல்ல, குச்சி!" என்று நான் சொன்ன குரல், எதிர் வகுப்பு ஆசிரியரை வாசலுக்கு வரவழைத்தது. அதற்குப் பிறகு விளக்கினேன், மேலும் விளக்கினேன். கடைசியில் விடையை எழுதச் சொன்னபோது, ஒன்பது ஜோடிகளில் ஆறு ஜோடி எழுதியது: ஒரு கட்டு, பத்தொன்பது குச்சி.

மணி அடித்தது. டீச்சர் தாளை நீட்டினார். அழகான கையெழுத்து. 'சார் பேசியது: முப்பத்து மூன்று நிமிடம். பிள்ளைகள் பேசியது: நான்கு நிமிடம். மீதி மூன்று நிமிடம் அமைதி, அமைதி என்று சொன்னது. இதை எதில் சேர்ப்பது என்று தெரியவில்லை.'

"சரி டீச்சர். இனி உங்க வகுப்புக்கு வரல," என்றேன். பையை எடுத்தேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளைகள் விடை எழுதிய ஒரு சிலேட்டைக் கையில் வைத்துக்கொண்டு விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். "சார், செத்த இருங்க. இருபத்தஞ்சும் ரெண்டும் இருபத்தேழு. எட்டு போனா பத்தொம்பது. அஞ்சு கட்டுல ஒண்ணப் பிரிச்சாச்சு, மூணு எடுத்தாச்சு, மிச்சம் ஒண்ணு. பிள்ளைய போட்டது சரிதான!"

நானும் போட்டுப் பார்த்தேன். சரிதான். அந்த ஆறு ஜோடியில் ஒரு பிள்ளைகூட எட்டிலிருந்து இரண்டைக் கழிக்கவில்லை. கட்டைப் பிரிக்க அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் பிரிக்க விடாததால், உள்ளே பத்துதான் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

"பதினேழு வருசமா நானும் குச்சியத் தொட விட்டதில்ல சார்," என்றார் டீச்சர், கொஞ்சம் மெதுவாக. "நாளைக்கு நான் எடுக்கேன். அவங்களே எண்ணி அவங்களே கட்டட்டும். நீங்க வாங்க."

"பின்னால உக்காரவா?"

"பின்னால எதுக்கு? பிள்ளையளோட தரையில உக்காந்து கட்டுங்க. ஒரு நிபந்தன. வாயத் தொறக்கக் கூடாது."

ஹெச்.எம். அறையில் டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

மறுநாள் காலை அந்த வகுப்பில் நான் முதலில் செய்தது, முன்வரிசையில் சம்மணம் போட்டு, பத்துக் குச்சிகளை எண்ணி ஒரு கட்டுப் போட்டதுதான். இரட்டைச் சடைக்காரி அதை என் கையிலிருந்து வாங்கி, ரப்பர் பேண்டைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் தரையில் வைத்து எண்ணினாள். பத்து இருந்தது.

"சரியா இருக்கு சார். அடுத்தத எண்ணுங்க," என்றாள்.