மோட்டாருக்குக் காவல் இருந்த மூளை

மயிலத்துக்குப் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பயிரிடும் தீனதயாளன், நிம்மதியாகத் தூங்குவதற்காகவே ஒரு கருவி வாங்கினார். கிணற்று மோட்டாருக்கான கரண்ட் ஒரு வாரம் பகலில் வரும், மறுவாரம் நடுராத்திரியில் வரும். வந்ததும் அந்தக் கருவி செல்போனில் கூப்பிட்டுச் சொல்லும். படுத்தபடியே பட்டனை அமுக்கினால் மோட்டார் ஓடும். ஆக, தூங்குவதற்காக வாங்கிய சாமான் அவரைத் தூக்கத்திலிருந்து எழுப்பியது. இதற்குப் பெயர் முன்னேற்றம்.

சில மாதங்களில் போன்கூடத் தேவைப்படவில்லை. அது கூப்பிடுவதற்கு முன்பே விழிப்பு வந்தது. பகல் கரண்ட் வாரத்திலும் நடுராத்திரியில் விழிப்பு வந்தது. தன் உடம்பு கடிகாரம் மாதிரி என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டார். அந்தக் கடிகாரம் ஒரு நாள் பட்டப்பகலில், கூட்டேரிப்பட்டு ரோட்டில் பைக் ஓட்டும்போது கண்ணயர்ந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி பாஞ்சாலி முள்ளுச்செடியில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மாடு குறுக்கே வந்துவிட்டதாக ஊரில் சொன்னார். அந்த மாட்டை இன்றுவரை யாரும் பார்த்ததில்லை.

கட்டுப் போட்ட கையோடு பாஞ்சாலிதான் அவரைத் திண்டிவனத்தில் டாக்டர் அருணாவிடம் இழுத்துப் போனாள். டாக்டர் பொறுமையாக விளக்கினார். கார்ட்டிசால் என்று ஒரு சுரப்பு. மூளை உத்தரவு போட்டால், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் சுரப்பி அதை ரத்தத்தில் அனுப்பும். பயம் வந்தால் உடம்பை உசுப்புவது அதுதான். விடியும் நேரத்தில் ஏறி நம்மை எழுப்பத் தயாராக்குவதும் அதுதான். இன்ன நேரத்தில் எழுந்தாக வேண்டும் என்ற கவலையோடு படுத்தால், மூளை அந்த நேரத்துக்கு முன்பே உத்தரவு போடத் தொடங்கிவிடும்.

"கரண்ட் வர்றதுக்கு முன்னாடியே உங்க மூளை மோட்டாரைப் போட்டுடுதுங்க. போனை வேற யார்கிட்டயாவது குடுத்துட்டு நிம்மதியா படுங்க."

அந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? போன் பாஞ்சாலியின் தலையணைக்கு அடியில் போனது. ஒரே மாதத்தில் தீனதயாளன் குறட்டை விட்டார். மருத்துவம் வென்றது. அதற்குப் பிறகு அவர் வாயைக் கட்ட முடியவில்லை. ஊரில் கொட்டாவி விட்டவர்களை எல்லாம் நிறுத்திவைத்து கார்ட்டிசால் பாடம் நடத்தினார். கவலையை வைத்துக்கொண்டு படுக்கவே கூடாதாம்.

நல்ல சேதியை டாக்டரிடம் சொல்ல இருவரும் பைக்கில் கிளம்பினார்கள். வழியெல்லாம் தூக்கத்தின் அருமையைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார். கூட்டேரிப்பட்டு ரோட்டில் முதுகு கனத்தது. பாஞ்சாலியின் தலை. அவள் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தாள். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டு, பதறிப்போய் வண்டியை ஓரங்கட்டினார். பக்கத்திலேயே பழைய முள்ளுச்செடி நன்றாகத் தழைத்திருந்தது.

இந்த ஒரு மாதமாக இவள் தூங்கினாளா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. ஊருக்கே பாடம் நடத்தியவருக்கு அது இப்போதுதான் உறைத்தது. இரண்டு காலையும் தரையில் ஊன்றி அவள் பாரத்தைத் தாங்கிக்கொண்டு நின்றார்.

அது பகல் கரண்ட் வாரம். தூக்கத்திலேயே பாஞ்சாலியின் உடம்பு திடுக்கிட்டது. கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"கரண்ட் வந்துட்ச்சா?"

அதற்குப் பிறகுதான் அவள் பையில் இருந்த போன் அடித்தது. தீனதயாளன் அதை எடுத்து அணைத்தார்.

"வரல. நீ தூங்கு."