பேக்கரியில் முடித்த கடன்

போன சனிக்கிழமை சாயங்காலம் செல்லத்துரை வீட்டுக்கு வந்தார். ஊருக்குப் போக என்னிடம் வாங்கியிருந்த ஐந்நூறு ரூபாயைக் கொடுத்தார். எண்ணிக்கூடப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். மனிதர் கிளம்பவில்லை... நின்றார்.

"ஒரு வரி எழுதித் தாங்க அண்ணாச்சி. துட்டு வந்துட்டுன்னு."

என்னிடமா? பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் என்னிடமே ரசீதா? கோபம் வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

செல்லத்துரை தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். டெய்லராக வந்து, வங்கிக் கடனில் எட்டு மெஷின் வாங்கி, எங்கள் ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு ஷெட் பிடித்தார். கம்பெனிகள் வெட்டிய துணி அனுப்பும். இவர் தைத்துக் கொடுப்பார். அமெரிக்காவில் வங்கிகள் சரிந்த வருடம், வெளிநாட்டு ஆர்டர் இல்லாமல் இங்கே துணி வருவது நின்றது. நாலு தவணை தவறியதும், வங்கி அமர்த்திய ஏஜென்சியின் வசூல்காரர் வந்தார்.

அடிதடி இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. சம்பளம் போடும் சனிக்கிழமை பார்த்து வருவார். வேலையாட்கள் நடுவே நின்று, சிரித்த முகமாக, "ஏனுங்க, இவங்களுக்கு மட்டும் குடுக்கறீங்க... எங்களுக்கு எப்பங்க?" என்பார். இன்னொரு நாள், "ஊட்ல அம்மணிகிட்டப் பேசிக்கட்டுங்களா?" எங்கள் ஊரில் மிரட்டலுக்கும் 'ங்க' உண்டு. மூன்றாவது சனிக்கிழமை, பயந்துபோய் இரண்டு டெய்லர்கள் வேலையை விட்டு நின்றுவிட்டார்கள்.

பேரம் பேச செல்லத்துரை என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். போன வருடம் மார்ச், ஒரு வியாழக்கிழமை. ஷெட்டுக்கு எதிரே இருக்கும் பேக்கரி.

"எண்பதாயிரம் நிக்குதுங்க. உங்களுக்காக மேல பேசிட்டனுங்க. நாப்பத்தஞ்சு குடுங்க, முடிச்சுக்கலாமுங்க" என்றார் வசூல்காரர்.

செல்லத்துரை மனைவி எஸ்தரின் தாலிச் சங்கிலி அன்று காலைதான் நகைக்கடைக்குப் போயிருந்தது. அந்தப் பணம் மேஜைக்கு வந்தது.

"ரசீது...?" என்று மெல்ல இழுத்தேன்.

"தபால்ல வந்துருமுங்க. ஏனுங்க, எம்மேல நம்பிக்கை இல்லீங்களா?"

கிட்டத்தட்டப் பாதி விட்டுக்கொடுத்தவரிடம் மேற்கொண்டு எப்படிக் கேட்பது? போனில் ஒரு வார்த்தை சொன்னால் லாரி நிறையத் துணி சாயப்பட்டறைக்குக் கிளம்பும் ஊர் இது. எழுதிக் கேட்டால், சந்தேகப்பட்டதாக அர்த்தம். வீட்டுக்கு வந்து டைரியில் மட்டும் எழுதினேன் – கிழமை, நேரம், தொகை, இரண்டு டீ, ஒரு சர்க்கரை இல்லாத காபி.

தபால் வரவில்லை. ஆகஸ்டில் வேறொரு வசூல்காரர் வந்தார். அவர் கையில் இருந்த தாளில் தொண்ணூற்று இரண்டாயிரம் பாக்கி. பழைய ஏஜென்சியை வங்கி மாற்றிவிட்டதாம். நாற்பத்தைந்தாயிரம்? வரவே இல்லையாம்.

நான் ஓடிப்போய் டைரியை எடுத்து வந்தேன். பெரிய ஆதாரம் என்று நினைப்பு! அவர் பொறுமையாகப் படித்தார்.

"காபிக்குச் சர்க்கரை இல்லைங்கறது வரைக்கும் எழுதியிருக்கறீங்க சாமி. ஆனா எல்லாம் உங்க எழுத்துங்க. அவரு கையெழுத்து எங்கீங்க?"

முப்பது வருடமாக டைரி எழுதுகிறேன். அன்றைக்குத் தலை குனிந்த மாதிரி என்றும் குனிந்ததில்லை.

மறுபடி பேரம், எஸ்தரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு. இந்த முறை செல்லத்துரையே பேசினார். "மொதல்ல வங்கி லெட்டர். பொறவுதான் துட்டு."

"அப்படி வழக்கம் இல்லீங்க..."

"உங்க வழக்கப்படி ஒருக்கா குடுத்தாச்சு சார். எம் பொஞ்சாதி கழுத்தப் பாத்துட்டுச் சொல்லுங்க."

அவர் பார்க்கவில்லை. பதினோராம் நாள் லெட்டர் வந்தது: ஐம்பதாயிரம் கட்டினால் கணக்கு முடியும். கிளைக்கே போய் உண்மைதானா என்று விசாரித்து, கவுன்ட்டரில் கட்டி, சீல் வைத்த தாளை வாங்கிக்கொண்டோம். அதற்காக எட்டு மெஷினும் போயின. மெஷின் வாங்க எடுத்த கடன் மெஷினையே தின்றது. ஷெட்டைக் காலி செய்தார். இப்போது இன்னொருவர் கம்பெனியில், இன்னொருவர் மெஷினில் தைக்கிறார். கூடவே போகும் எஸ்தருக்கும் அதே கம்பெனிதான் – தைத்ததில் குறை பார்க்கும் பீஸ் செக்கிங்.

அந்த முதல் ஆள் பணத்தைத் தானே வைத்துக்கொண்டாரா, ஏஜென்சி விழுங்கியதா? புகார் கொடுத்தோம். இன்றுவரை பதில் இல்லை. வசூல்காரரிடம் பேசப் போகும் வாசகர்களே, அவர் எத்தனை 'ங்க' போட்டாலும் முதலில் தாளைக் கேளுங்கள். கோபித்துக்கொண்டு எழுந்து போகிறாரா? போகட்டும்.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். நல்ல தாளாக எடுத்து, 'செல்லத்துரையிடமிருந்து ரூபாய் ஐந்நூறு பெற்றுக்கொண்டேன்' என்று எழுதினேன். தேதி, கிழமை, மணி ஆறு பத்து – எல்லாம் போட்டு நீட்டினேன்.

இரண்டு தடவை படித்தார். தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"கையெழுத்து, அண்ணாச்சி?"