பரவாயில்ல, ஷூவோடவே வாங்க

எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும் என் கண் முதலில் தரைக்குத்தான் போகிறது. முகங்களைப் பிறகுதான் பார்க்கிறேன். வார் அறுந்த செருப்பு, குதிகால் தேய்ந்த செருப்பு, வந்ததும் கிளம்பிவிடலாம் என்று மூக்கைத் தெருப்பக்கம் திருப்பி விட்டுவைத்த செருப்பு. ஷூ கண்ணில் பட்டால் மட்டும் எனக்குள் ஏதோ ஒன்று குனிந்துகொள்கிறது. நாற்பத்தாறு வயதாகிறது. அது இன்னும் நிமிரவில்லை.

திருத்தணியில் எங்கள் வீட்டில் ஒரு கம்பளம் இருந்தது. அப்பாவை நைனா என்போம். அவருக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. மாற்றலாகித் தெற்கே போன ஒரு அதிகாரியின் சாமான்கள் எல்லாம் லாரியில் ஏறி முடிந்தபோது, அது ஒன்றுக்கு மட்டும் இடமில்லாமல் போயிற்று. "நீ எடுத்துக்கோய்யா" என்றாராம். நைனா அதைச் சுருட்டி ரிக்‌ஷாவில் குறுக்கே கிடத்தி, மேலே ஒரு கையை வைத்தபடி, யாரையோ ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வருகிறவர் மாதிரி வந்து இறங்கினார். விரித்தபோது கூடத்தில் முக்கால்வாசி மறைந்துபோனது. அடர்ந்த சிவப்பு, ஓரமெல்லாம் நீலக்கொடி. உள்ளங்கையை வைத்து அழுத்தி எடுத்தால் ஐந்து விரலும் அதில் பதிந்து கிடக்கும். நாங்கள் சிமெண்டுத் தரையில் தவழ்ந்து சிமெண்டுத் தரையில் சோறு தின்றவர்கள். அதன்மேல் முதல் நாள் யாரும் கால் வைக்கவில்லை. சுவரோரமாகவே நடந்தோம்.

அம்மா அன்றிலிருந்து வேறு ஆளானாள். காபி வடிகட்டிய சக்கையை உலர்த்தி எடுத்துவைப்பாள். அதைக் கம்பளத்தின்மேல் தூவி, பூந்துடைப்பத்தால் வாசலிலிருந்து சுவரை நோக்கி ஒரே திசையில் தள்ளிக்கொண்டு போக வேண்டும். திசை மாறினால் நிறமே மாறித் தெரியும், மயிர் சிலிர்த்துக்கொண்டதுபோல. ஞாயிற்றுக்கிழமை காம்பவுண்டுச் சுவரில் தொங்கவிட்டு மூங்கில் கழியால் அடி. அடியில் நாலு மூலைக்கும் பாச்சை உருண்டை. யாராவது தெரியாமல், "ஜமுக்காளம் நல்லா கீதே" என்று சொல்லிவிட்டால் அம்மாவின் முகம் சுருங்கிவிடும். "ஜமுக்காளம் இல்லீங்க. கார்ப்பெட்டு."

செருப்பு ஒரு பிரச்சினையே இல்லை. சொல்லாமலே வாசலில் உதறிவிட்டு வருவது எங்கள் ஊர்க் கால்களின் பழக்கம். ஷூதான் சிக்கல். ஷூ போட்டு வருகிறவர் பெரிய மனிதர். அவர் வாசலில் ஒப்புக்குக் குனிவார். வீட்டுக்காரர் பதறிப்போய், "பரவாயில்ல, ஷூவோடவே வாங்க" என்பார். அவர் ஒப்புக்கு ஒரு தடவை மறுத்துவிட்டு உள்ளே வந்துவிடுவார். அதற்குப் பெயர் மரியாதை. கம்பளம் வந்த பிறகு அந்த மரியாதையை அம்மாவால் விடவும் முடியவில்லை, தாங்கவும் முடியவில்லை.

அதற்கு அவள் கண்டுபிடித்த வழி நான்.

அம்மா வாயால், "பரவாயில்லீங்க, அப்பிடியே வாங்க" என்பாள். கண்ணால் என்னைப் பார்ப்பாள். நான் நிலைப்படியில் நின்று, "ஷூ கழட்டிட்டு வாங்க அங்கிள், கார்ப்பெட்டு அழுக்காயிடும்" என்பேன். "ஏய், வாய மூடுடி. தப்பா நெனச்சிக்காதீங்க சார், கொழந்த" என்று அம்மா என் தலையில் ஒன்று வைப்பாள். அதற்குள் அவர் சிரித்துக்கொண்டே கயிற்றை அவிழ்க்கத் தொடங்கியிருப்பார். அந்த அடியில் கனமே இருக்காது. அது அடியல்ல, பரிசு என்று எட்டு வயதில் எனக்குத் தெரிந்திருந்தது. அவ்வளவு தெரிந்தவளுக்கு வேறொன்றும் தெரியாமல் போயிற்று.

இன்ஸ்பெக்டர் ஒருவரின் சாக்ஸ் ஓட்டையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. இன்ஷூரன்ஸ்காரர் ஷூவைக் கழற்றியதும் வந்த வாடையில் அம்மா ஊதுவத்தி ஏற்றினாள். கனகம்மாசத்திரத்தில் பஸ் நிற்கும் இடத்தில் டீக்கடை வைத்திருந்த மாமா மட்டும் ஒவ்வொரு தடவையும் வம்புக்கு நிற்பார்.

"இன்னாக்கா, மலை மேலகூட செருப்ப வாங்கி வெச்சிக்கினு ஒரு டோக்கன் குடுக்கறான். உம்பொண்ணு சும்மா நிக்க வெக்கிறா?"

"போன தபா எண்ணெக் காலோட வந்தியே, அந்தக் கறை போச்சான்னு மொதல்ல பாரு."

"கார்ப்பெட்டுக்குக் கீற மவுசு கூடப்பொறந்தவனுக்கு இல்ல." அவர் தோற்றுப்போனதில் எல்லாரும் சிரிப்போம். ஆடிக் கிருத்திகைக்கு வரும் சொந்தக்காரர்கள் வெறுங்காலோடு படி ஏறி இறங்கி, காய்ந்த சந்தனத்தை மொட்டைத் தலையிலிருந்து உதிர்த்துக்கொண்டு, தெருச்சேறு முழுவதையும் பாதத்தில் ஏந்தி வருவார்கள். சாமி பார்த்துவிட்டு வந்த கால்களிடம் ஒன்றும் சொல்ல முடியாது. அம்மா அன்று மட்டும் கம்பளத்தைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவாள்.

நைனாவின் தங்கை எங்களோடு இருந்தாள். எனக்கு அத்தை. இருபத்தொன்பது முடிந்திருந்தது. தினமும் காலை ரயிலில் அரக்கோணம் போய், ஒரு மருந்துக்கடையில் சீட்டைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, இருட்டுவதற்கு முன் திரும்புவாள். அவளைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காக அந்தக் கம்பளம் அதற்குள் நாலைந்து தடவை சக்கை தூவிக் கொண்டது. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், போனார்கள். எனக்கு பஜ்ஜி நினைவிருக்கிறது.

அந்த ஐப்பசி ஞாயிறு வேறு மாதிரி இருந்தது. காலையில் எனக்குத் தலை பின்னும்போது அத்தையின் விரல்கள் சில்லென்று இருந்தன. பின்னலை இறுக்கியபடி காதோரம் சொன்னாள்.

"இன்னிக்கி வர்றவரு ஷூ போட்டுகினு வருவாரு. அவராண்ட மட்டும் கழட்டச் சொல்லாத. இன்னா?"

"ஏன் அத்தே?"

"மொதல்ல மனுசனப் பாக்கட்டும். காலு எங்க போயிடப் போவுது, அப்பறம் பாக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. "சொல்ல மாட்டேன்" என்றேன். "சத்தியமா?" என்றாள். பெரியவர்கள் என்னிடம் சத்தியம் கேட்டது அதுதான் முதல் தடவை. கையில் அடித்துக் கொடுத்தேன். அவள் என் உச்சந்தலையில் முகத்தை வைத்து ஒருமுறை மூச்சு விட்டாள். அந்தச் சூடு இன்னும் அங்கே இருக்கிறது.

விடிந்ததிலிருந்து மழை. மூன்று பேர் வந்தார்கள்: மாப்பிள்ளை, அவருடைய அக்கா, அக்காவின் வீட்டுக்காரர். மலை தெரியவில்லை, மேகம் தெருமுனைவரை இறங்கியிருந்தது. அக்காவும் வீட்டுக்காரரும் செருப்பை வாசலில் விட்டார்கள். மாப்பிள்ளை கடைசியாகப் படியேறினார். ஒல்லியான ஆள். வெளிர்நீலச் சட்டை. கறுப்பு ஷூ, முகம் பார்க்கும் அளவுக்கு மெருகேற்றியது, ஆனால் எங்கள் தெருவின் செம்மண் சேறு அதன் பாதிவரை ஏறியிருந்தது. அவர் மெதுவாக நடந்தார். மழையில் வழுக்காமல் நடக்கிறார் என்று நினைத்தேன்.

"பரவாயில்லீங்க, ஷூவோடவே வாங்க" என்றார் நைனா.

"ஆங், அப்பிடியே வாங்க" என்றாள் அம்மா. என்னைப் பார்த்தாள்.

சத்தியம் எனக்கு நினைவிருந்தது. மறந்துவிட்டேன் என்று பல வருஷம் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறேன். மறக்கவில்லை. சத்தியம் அத்தையோடு உள்ளறைத் திரைச்சீலைக்குப் பின்னால் சத்தமில்லாமல் நின்றது. அம்மாவின் கண் என் எதிரில் நின்றது. நடுவில் அந்தச் சேறு, சிவப்புக் கம்பளத்தின் ஓரத்துக்கு ஒரு முழத் தூரத்தில்.

"ஷூ கழட்டிட்டு வாங்க அங்கிள். கார்ப்பெட்டு அழுக்காயிடும்."

அம்மா வழக்கம்போல என் தலையில் ஒன்று வைத்தாள். யாரும் சிரிக்கவில்லை. அவருடைய அக்கா முன்னால் வந்தாள். "மழைல வந்துகீறான்மா. இருக்கட்டுமே. நான் வோணா துணிய நனச்சி தொடச்சி வுட்டுட்றேன்." அம்மா பேசாமல் இருந்தாள். அம்மா அப்படிப் பேசாமல் இருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? "எல்லாரும் கழட்டிட்டுதான் வருவாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. ஏதோ நெடுநாளாக எதிர்பார்த்திருந்த ஆள் வந்துவிட்டதுபோல ஒரு பார்வை.

"கழட்டணுமா கண்ணு?"

"ஆங்."

"பாவா, நீங்க உள்ள போங்க. நான் வர்றேன்" என்றார் அக்காவின் வீட்டுக்காரரிடம்.

படியில் உட்கார்ந்தார். இடதுகால் ஷூ சீக்கிரம் வந்துவிட்டது. வலதுகால் கயிற்றை ஒவ்வொரு கண்ணியாகத் தளர்த்தினார். ஷூவை உருவியபோது, அதன் முன்பகுதியிலிருந்து, சுருட்டி அடைத்திருந்த பழந்துணி ஒன்று படியில் விழுந்து மழைத்தண்ணீரில் மெல்ல விரிந்தது. சாக்ஸின் முன்பாதி வெறுமையாகத் தொங்கியது. பாதம் அங்கே பாதியில் முடிந்திருந்தது. அவர் அந்தத் துணியை எடுத்துப் பிழிந்து, நேர்த்தியாக மடித்து, ஷூவுக்குள் திரும்ப வைத்தார். பிறகு எழுந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, கம்பளத்தில் கால் வைத்து நடந்து போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.



"ரயில்வே யார்டுல ஷண்டிங் பண்ணும்போது போச்சுங்க" என்றார். "இப்ப ஆபீஸ்ல ஒக்கார வெச்சிட்டாங்க. வேலைக்கி ஒண்ணும் பயமில்ல. காபி குட்ச்சதும் நானே சொல்லணும்னுதான்..."

"ஆங்... ஆங்" என்றார் நைனா. "காபி வருது. சூடா சாப்டுங்க."

அத்தை தட்டோடு வந்தாள். அவரிடம் நீட்டியபோது அவர் நிமிரவில்லை. அவள்தான் அவரைப் பார்த்தாள், எல்லார் முன்னாலும், வெட்கமே இல்லாமல். பிறகு என்னை ஒருமுறை பார்த்தாள். நைனா மழையைப் பற்றிப் பேசினார். ஏரி நிரம்புமா என்று பேசினார். அக்காவின் வீட்டுக்காரர் நிரம்பும் என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் தெரு திரும்பியதும் அம்மா சொன்னாள்: "துணிய அடச்சிகினு ஏமாத்த வந்துகீறான் பாரேன். நல்லவேள, கொழந்த வாயில முருகனே வந்து கேட்டான்." நைனா, "காலு போனது அவன் தப்பில்லடி. மறச்சான் பாரு, அதான்" என்றார். அரைமணி நேரம் கழித்து அவரே சொல்லியிருந்தால் அவர் உண்மையான மனிதர். வாசலிலேயே வெளிப்பட்டதால் திருடர். அந்த அரைமணி நேரத்தைத்தான் அத்தை என்னிடம் காலையில் கேட்டிருந்தாள். மறுவாரம், ஜாதகம் பொருந்தவில்லை என்று நைனா சொல்லியனுப்பினார்.

அரக்கோணத்து மருந்துக்கடைக்குக் கட்டுத்துணி வாங்க வருகிறவராக அவர் அத்தைக்கு அறிமுகமானார் என்பதெல்லாம் நான் வளர்ந்த பிறகு தெரிந்துகொண்டது. பிறகு வேறு யாரையும் வீட்டுக்கு வரவிடவில்லை அவள். காலை ரயில், மருந்துக்கடை, மாலை ரயில். கம்பளம் நடுவில் நைந்து, மிதியடிகளாக வெட்டப்பட்டு, அவையும் போய்விட்டன. அத்தை இப்போது என்னோடுதான் இருக்கிறாள். சர்க்கரையால் அவள் பாதங்கள் மரத்துவிட்டன. இரவில் தைலம் தேய்த்துவிடுவது நான். ஒரு நாளும் அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லியிருக்கலாம்.

ஆனால் சத்தியத்தை மீறியதுகூட இல்லை, என்னைத் தின்பது. அதற்குப் பிறகு ஒரு சிறு காரியம் செய்தேன்.

அன்று சாயங்காலம் மழை விட்டு, வாசல் வழியாகச் சாய்ந்த வெயில் கூடத்துக்குள் வந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மா காலையில் ஒரே திசையில் பெருக்கி வைத்திருந்த சிவப்பின்மேல் மற்றத் தடங்களுக்கு நடுவில் அவர் நடந்த தடம் அப்படியே கிடந்தது. ஒரு முழுப்பாதம், ஒரு அரைப்பாதம். ஒரு முழுப்பாதம், ஒரு அரைப்பாதம். வாசலிலிருந்து நாற்காலிவரை. திரும்பிப் போகையில் சுவரோரமாகப் போயிருந்தார் போல, போனதன் தடம் இல்லை. வந்தது மட்டும் இருந்தது.

அத்தை அதன் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் என்மேல் கோபமாக இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். ஏதாவது நல்லது செய்து அவளைச் சரிக்கட்ட வேண்டும். பூந்துடைப்பத்தை எடுத்து வந்தேன்.

"உடு கண்ணு" என்றாள் அத்தை, மிக மெல்ல. "அது இருக்கட்டும்."

பாவம், களைத்துப் போயிருக்கிறாள், நமக்கு வேலை வைக்க வேண்டாம் என்று சொல்கிறாள் என்று நினைத்தேன். "நீ ஒக்காரு அத்தே, நான் பண்றேன்" என்றேன். வாசல் பக்கம் தொடங்கி, ஒரே திசையில், ஒன்றுவிடாமல் பெருக்கினேன். அரைப்பாதங்கள் சீக்கிரம் அழிந்தன. முழுப்பாதங்களுக்கு இரண்டு மூன்று தடவை தள்ள வேண்டியிருந்தது. கடைசி ஒன்று அவள் விரல்களுக்கு அருகே இருந்தது. "கைய எடு அத்தே" என்றேன்.

எடுத்தாள்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "எம்பொண்ணு சமத்து. புதுசு மாதிரி ஆச்சு பாரு" என்றாள். நான் திரும்பி அத்தையைப் பார்த்தேன், அவளும் ஏதாவது சொல்வாள் என்று.