இத்தா வீட்டின் முன்பாதி

இது நடந்த கதை. நம்பாதவர்கள் கற்பிட்டிப் பக்கம் போய், கருவாடு காயப்போடும் வாடிக் கொட்டகைகளில் கீழக்கரை ஜவாஹிர் யார் என்று கேட்டுப் பார்க்கலாம். ஆளைக் காட்டுவார்கள். அவரிடம் அந்த வீட்டைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். எழுந்து போய்விடுவார்.

யுத்தம் முடிந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. கருவாடு வாங்கி அனுப்ப இந்தியாவிலிருந்து வந்த ஜவாஹிருக்கு இலங்கை வெளிநாடு என்றே முதலில் தோன்றவில்லை. அதே கடல், அதே தொழுகை, ஏறக்குறைய அதே தமிழ். வீடு தேடத் தொடங்கிய பிறகுதான் தோன்றியது. தனி ஆம்பிளை, அதிலும் இந்தியாக்காரன். குறிஞ்சிப்பிட்டியில் காலையில் காலியாக இருந்த வீடுகளுக்கெல்லாம், அவர் முகத்தைக் கண்டதும் திடீரென்று ஆள் வந்துவிட்டது.

கடைசியில் தரகர் மர்ஸூக் ஒன்றைப் பிடித்தார். பெரிய வீடு. நடுவில் ஒரு பலகைக் கதவு, இரண்டு பக்கமும் பூட்டு. முன்பாதி வாடகைக்கு. பின்பாதியில் வீட்டுக்காரி பளீலா, கணவன் மவுத்தாகிவிட, விதவை காக்கும் இத்தாவில் இருந்தார். நான்கு மாதமும் பத்து நாளும் அன்னிய ஆணின் கண்ணில் படக் கூடாது.

"தனி ஆம்பிளைக்கு அவ குடுக்க மாட்டா," என்றார் மர்ஸூக். "நீங்க பொஞ்சாதியோட வந்திரிக்கீங்க எண்டு சொல்லிட்டன்."

"எம் பொஞ்சாதி கீழக்கரையில மாசமா இருக்காளே, நானா!"

"பளீலா எட்டியா பாக்கப் போறா? இத்தா முடிய முந்தி வேற வீடு பாப்பம்."

வியாபாரிக்கு ஒரு சின்னப் பொய் பாரமில்லை. அந்தப் பொய்யையே காட்டி மர்ஸூக்கின் தரகிலும் கொஞ்சம் வெட்டிவிட்டார் ஜவாஹிர். அன்றிரவு திருப்தியாகத் தூங்கினார்.

ஆளில்லாத வீட்டுக்குள் நுழைந்தாலும் ஸலாம் சொல்வது அவர் பழக்கம். குடிவந்த வாரத்தில் ஒருநாள் அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு கதவைத் திறந்து சொன்னார்.

"வஅலைக்குமுஸ்ஸலாம்."

மெல்லிய பெண்குரல். நடுக்கதவுப் பக்கமிருந்து வந்தது. பூட்டிய கதவுக்கும் மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அதன்பிறகு தினமும் ஒரு சொல், இரண்டு சொல். "சாப்பிட்டீங்களா?" "ஊரில ஆரு இரிக்கா?" தனிமையில் கிடந்தவருக்கு அது ஆறுதலாக இருந்தது. மனைவி கமீலாவின் பெயரைச் சொன்னார். பிள்ளை உண்டாகியிருப்பதையும் சொன்னார்; அவள் எங்கே இருக்கிறாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. இத்தாவில் இருக்கும் பெண் அன்னிய ஆணோடு இவ்வளவு கதைப்பாளா என்று ஒருமுறை தோன்றியது. இந்த நாட்டு வழக்கம் போலிருக்கிறது என்று விட்டுவிட்டார்.

சின்னச் சின்னதாகச் சில சரியில்லை. மாலையில் வாடியிலிருந்து திரும்பும்போது வாசல்வரை இரண்டு பெண்குரல் கேட்கும். பூட்டில் சாவி நுழைந்ததும் இரண்டும் நின்றுவிடும். யாரோ உறவுக்காரி என்று நினைத்தார். இன்னொன்று... பலகைக்கு அப்பாலிருந்து வரும் குரல் கொஞ்சமாவது மங்க வேண்டும். இது மங்கவில்லை.

ஒருநாள் இரவு இஷா தொழுகைக்குப் பிறகு கமீலா போனில் இருந்தாள்.

"யாரு மச்சான் பக்கத்துல?"

"யாருமில்லையே."

"ஒருத்தி சிரிக்கிறா. எம் பேரைச் சொல்லிச் சிரிக்கிறா. இலங்கைக்குக் கருவாடு வாங்க மட்டுந்தான் போனீங்களா?"

வீட்டுக்காரி என்றார். நடுவில் பூட்டிய கதவு என்றார். அல்லாஹ்மீது ஆணை என்றார். எந்தப் பேரமும் எடுபடவில்லை.

"அப்ப அவளையே பேசச் சொல்லுங்க. இல்லாட்டி எங்க வீட்டுப் படி ஏற வேணாம். புள்ளை முகத்தையும் பார்க்க வேணாம்."

பொய் வெளிப்பட்டாலும் சரி என்று ஜவாஹிர் நடுக்கதவிடம் போனார்.

"ராத்தா, மன்னிச்சுக்கங்க. நீங்க யாருன்னு எம் பொஞ்சாதிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க."

போனைப் பலகையோடு சேர்த்துப் பிடித்தார்.

ஒரு சத்தமும் இல்லை.

காத்திருந்தார்... கை வலித்தது... காதில் வைத்தார்.

"கமீலா, அவங்க பேச மாட்டேங்குறாங்க..."

"சும்மா இருங்க மச்சான்." அவள் குரலில் கோபமே இல்லை. "அவங்க பேசுறதைக் கேக்க விடுங்க."

கதவைத் திறந்து முற்றத்து மணலில் இறங்கினார். வேலிவரை நடந்தார்.

"இப்பவும் பேசுறாங்களா?"

"ம்... புள்ளைக்குப் பேர் சொல்றாங்க."

போனை அணைத்தார்.

காற்று நின்றிருந்தது.

தோளருகே யாரோ மூச்சு விட்டார்கள்.

அன்றிரவு பள்ளிவாசலில் கிடந்தார். சுபஹு தொழுததும், அங்கேயே உட்கார்ந்து, போனில் ஊருக்கு டிக்கெட் எடுத்தார். யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் மர்ஸூக் வீட்டில் சாவியை வைத்தார். மர்ஸூக்கின் மனைவி ரம்ஸியா அதைப் பளீலாவிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பளீலா ராத்தாக்குச் சரியான கவல," என்றாள். "ஒங்கட பொஞ்சாதி போறாவே எண்டு."

ஜவாஹிர் மர்ஸூக்கைப் பார்த்தார். மர்ஸூக் தரையைப் பார்த்தார்.

"அப்ப ராத்தா என்கூட ஒரு நாளும் பேசினதில்லையா?"

"அல்லாஹ்வே! இத்தாவில இரிக்கிற பொம்புள உங்களோட எப்பிடிக் கதைக்கிற? அவ கதைச்சதெல்லாம் ஒங்கட ஆளோடதான். கதவுக்கு அங்கால ராத்தா, இங்கால ஒங்கட ஆள். நீங்க வந்து சாவி போட்டா, 'அவர் வந்திட்டாரு' எண்டு எழும்பிப் போயிருவாவாம்."

ரம்ஸியா தொடர்ந்தாள்.

"சுபஹுக்குப் பொறகு வந்து பயணம் சொல்லியிரிக்கா. இவர் டிக்கட் எடுத்திட்டாரு, நானும் கூடப் போறன் எண்டு."

அந்த டிக்கெட்டில் ஜவாஹிர் போகவில்லை. அதன்பிறகு எடுத்த எந்த டிக்கெட்டிலும் போகவில்லை. விசாவைப் புதுப்பித்துக்கொண்டு, வாடியில் நாலு பேருக்கு நடுவில் படுக்கிறார். கமீலாவுக்குப் பெண்பிள்ளை பிறந்து, அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டது. அவர் பணம் அனுப்புவார், போவதில்லை.

ஜவாஹிருக்கு இலங்கையில் இன்னொருத்தி இருக்கிறாள் என்று கீழக்கரை முழுக்கப் பேச்சு.

அவர் மறுப்பதில்லை.